கோடை விடுமுறையில் மடிக்கணினி பேட்டரியைப் பேணுவது குறித்துத் தலைமையாசிரியர் கடிதம்

பெறுநர்:
பதினோராம் வகுப்பு கணினி அறிவியல் பிரிவு மாணவ மாணவியரின் பெற்றோர்

அன்புடையீர்,

வணக்கம். ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் விடுமுறைக்குப் புறப்படும் நேரத்தில், மதிப்பெண்ணைப் பற்றி அல்லாமல் மடிக்கணினியின் பேட்டரியைப் பற்றிப் பள்ளியிலிருந்து கடிதம் வருவது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஏப்ரலில் ஓரளவு நன்றாக உழைத்த பேட்டரி, ஜூனில் பள்ளி திறந்ததும் ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடுகிறது என்ற முறையீடு ஆண்டுதோறும் எங்களிடம் வருகிறது. நம் ஊர் வீடுகளில் உள்ளவற்றில் பல, அண்ணனோ அக்காவோ பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற அரசின் விலையில்லா மடிக்கணினிகள். மற்றவை பெரும்பாலும் கோவையிலோ திருப்பூரிலோ செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. 2011-இல் தொடங்கிய அத்திட்டத்தின் கணினிகள் சில இன்றும் ஓடிக்கொண்டிருக்க, அவற்றை முடக்கிப்போடுவது பெரும்பாலும் பேட்டரிதான். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கே மின்சாரத்தை நிறுத்திவிடும் நாள்களில் பிள்ளைகள் செய்முறைப் பயிற்சியைத் தொடர அந்தப் பேட்டரி ஒன்றுதான் துணை என்பதையும் தாங்கள் அறிவீர்கள்.

பழுதாகிவிடும் என்ற அச்சத்தில் மடிக்கணினியைப் பிள்ளைகள் கையில் தராமல், துணி சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடும் பழக்கம் பல வீடுகளில் உள்ளது. நோக்கம் நல்லதுதான், ஆனால் பேட்டரிக்கு அதனால் நன்மை இல்லை. இன்றைய மடிக்கணினிகளில் உள்ளவை லித்தியம் அயனி பேட்டரிகள். இவை பயன்பாட்டினால் தேய்வது ஒரு பக்கம் இருக்க, சும்மா வைத்திருந்தாலும் உள்ளுக்குள் மூப்படைந்துகொண்டே இருப்பவை. அந்த மூப்பை விரைவுபடுத்துபவை இரண்டு: ஒன்று வெப்பம், மற்றொன்று முழு சார்ஜில் நெடுநாள் கிடப்பது.

இதன் காரணத்தைச் சற்று விளக்க விரும்புகிறேன். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிராஃபைட்டால் ஆன மறுமுனைக்குச் சென்று தங்குகின்றன. கணினியைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தமும் ஏறத்தாழ 4.2 வோல்ட்டை எட்டும். அந்த உயர்ந்த அழுத்தத்தில் உள்ளிருக்கும் திரவம் முனைகளோடு வேதிவினை புரிந்து மெல்லிய படலமாகப் படிகிறது. அந்தப் படலம் தடிக்கத் தடிக்க, போய்வர வேண்டிய லித்தியத்தில் ஒரு பகுதி அதிலேயே சிக்கி வீணாகிறது. வெப்பம் கூடினால் இந்த வினையும் விரைவாக நடக்கிறது. பேட்டரித் துறையினர் பரவலாக எடுத்துக்காட்டும் அளவீடு ஒன்று உண்டு. 25 டிகிரி செல்சியஸில் 40 விழுக்காடு சார்ஜுடன் ஓராண்டு வைத்த பேட்டரியில் கொள்ளளவு, அதாவது அது தேக்கிவைக்கக்கூடிய மின்சாரத்தின் அளவு, சுமார் 96 விழுக்காடு எஞ்சும். அதே வெப்பத்தில் முழு சார்ஜுடன் வைத்தால் எஞ்சுவது சுமார் 80. வெப்பம் 40 டிகிரியானால் அந்த எண்கள் முறையே 85, 65 என இறங்கிவிடுகின்றன. ஈரோட்டிலும் கரூரிலும் அக்னி நட்சத்திரக் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. சிமென்ட் அட்டைக் கூரையின் கீழ் நிற்கும் இரும்புப் பீரோவின் நிலையைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே பிள்ளைகள் அப்புச்சி வீட்டுக்கோ வெளியூருக்கோ சென்று, கணினி சில வாரங்கள் பயன்படாமல் இருக்கப்போகிறது என்றால், பாதியளவு சார்ஜ் இருக்கும்போது அதை முழுமையாக ஷட் டவுன் செய்து, வீட்டில் மிகவும் குளிர்ச்சியாக உள்ள அறையில் வையுங்கள். பரண் வேண்டாம், கூரையின் சூடு முழுவதும் அங்குதான் இறங்குகிறது. ஃபிரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும். முழு சார்ஜ் கூடாது என்பதற்காக அறவே தீர்ந்த நிலையில் வைத்துவிடவும் கூடாது. பயன்படுத்தாவிட்டாலும் பேட்டரி சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே செல்லின் மின்னழுத்தம் போய்விட்டால், பாதுகாப்புச் சுற்று மீண்டும் சார்ஜ் ஏற்றவே அனுமதிக்காது. மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, குறைந்திருந்தால் பாதிவரை ஏற்றி வைத்தால் போதும்.

"முழுவதும் இறக்கி, முழுவதும் ஏற்று" என்று பெரியவர்கள் சொல்வது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்குப் பொருந்திய அறிவுரை. வீட்டு இன்வெர்ட்டரில் உள்ள லெட் ஆசிட் பேட்டரியை எப்போதும் முழு சார்ஜில் வைத்திருப்பது சரி. அதற்கு அதுவே நல்லது. லித்தியம் அயனி பேட்டரிக்கு இவை இரண்டும் ஒத்துவராதவை. நாள்தோறும் 20 விழுக்காட்டுக்கு மேலும் 80 விழுக்காட்டுக்குக் கீழும் வைத்துக்கொள்ள முடிந்தால் அதன் ஆயுள் கணிசமாக நீளும். இரண்டு முறை பாதி பாதியாக ஏற்றினாலும் அது ஒரு முழுச் சுழற்சியாகத்தான், அதாவது ஒருமுறை முழுவதும் ஏற்றியதாகத்தான், கணக்கில் வரும் என்பதால், அடிக்கடி ஒயரை மாட்டுவதால் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. எந்நேரமும் ஒயரோடு வைத்தே வேலை செய்பவர்கள், 80 விழுக்காட்டுடன் சார்ஜ் நின்றுவிடும்படி அமைத்துக்கொள்ளலாம். லெனோவோ, டெல், எச்.பி., ஏசஸ் முதலிய நிறுவனங்களின் கணினிகள் பலவற்றில் இந்த வசதி உண்டு. அதே வேளையில், 80-ஐத் தாண்டி இரண்டு புள்ளி ஏறிவிட்டால் குடி முழுகிவிடாது; அதற்காகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை எழுப்பி ஒயரைப் பிடுங்கச் சொல்ல வேண்டாம். தேர்வு நாளிலும் மின்தடை நாளிலும் முழுமையாக ஏற்றிக்கொள்வதில் தவறே இல்லை.

தறி ஓட்டும் வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. கடந்த பருவத்தில், தறிக்குடோனை ஒட்டிய ஆசாரத்தில் (கூடத்தில்) வைத்துப் படிக்கும் மாணவி ஒருவரின் கணினி அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று கொண்டுவந்தபோது, எங்கள் கணினி ஆசிரியர் அதன் அடிமூடியைக் கழற்றினார். மின்விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் செப்புத் தகடுகளுக்கும் இடையே பஞ்சுத் தூசி படிந்து படிந்து வெள்ளைக் கம்பளித் துண்டு போல் அடைந்திருந்தது; சாமணத்தால் பிடித்து இழுத்ததும் ஒரே பாளமாக உரிந்து வந்தது. காற்றுப் போக வழியில்லாத கணினியின் சூடு அருகிலுள்ள பேட்டரியைத்தான் தாக்கும். பனியன் தைக்கும் வீடுகளிலும் இதே நிலைதான். ஆண்டுக்கு ஒருமுறையேனும் தூசியைச் சுத்தம் செய்வித்து, மெத்தையிலும் தலையணையிலும் வைத்து இயக்காமல் பலகையின் மீதோ மேசையின் மீதோ வைத்து இயக்கச் செய்யுங்கள். வெயிலில் வண்டியில் வைத்துக் கொண்டுவந்த கணினியை, வந்ததும் வராததுமாகச் சார்ஜில் போடாமல், சூடு ஆறிய பின் போடச் சொல்லுங்கள். ஸ்லீப்பில் உள்ள கணினி புத்தகப் பைக்குள் தானாகவே விழித்துக்கொண்டு கொதிப்பதும் நடக்கிறது. பையில் வைக்குமுன் ஷட் டவுன் செய்வதே முறை.

தறி ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் பேட்டரி கெடுகிறதா என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். அசல் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி அமைந்தவை. அவற்றின் மேலேயே அது அச்சிடப்பட்டிருக்கும். எனவே வழக்கமான ஏற்ற இறக்கம் பேட்டரி வரை போவதில்லை. ஆனால் கோடை மழையின்போது இடி மின்னல் தொடங்கினால் ஒயரைக் கழற்றிவிடுங்கள். சார்ஜர் பழுதானால், புதியதன் வோல்ட் பழையதில் உள்ளதற்கு இணையாகவும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். ஒயரின் முனை கணினியில் நுழைகிறது என்பதற்காக மலிவான ஒன்றை வாங்கிவிடாதீர்கள். பேட்டரியை மாற்றும்போதும் பில், உத்தரவாதம், உற்பத்தித் தேதி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கடையில் சில ஆண்டுகள் கிடந்த பேட்டரி, உறை பிரிக்காததாக இருந்தாலும் புதியது ஆகாது.

மிகவும் கவனமாக இருக்க வேண்டியது பேட்டரி உப்பும்போதுதான். டச்பேட் மேலெழும்பி நிற்பது, மூடி சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விடுவது, மேசையில் வைத்தால் கணினி தள்ளாடுவது ஆகியவை உள்ளே வாயு சேர்ந்துவிட்டதற்கான அறிகுறிகள். இவற்றில் எதைக் கண்டாலும் உடனே சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தி, கணினியை அணைத்துவிடுங்கள். அழுத்திப் பார்ப்பதோ ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்ற முயல்வதோ தீப்பிடிக்கச் செய்யும். நூல் மூட்டை, பாவு, பனியன் வேஸ்ட் ஆகியவற்றின் அருகில் வைக்காமல் வெறும் தரையில் தனியாக வைத்து, பழுது நீக்கத் தெரிந்தவரை அழையுங்கள். கழற்றிய பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடக் கூடாது. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது. நிறுவனத்தின் சேவை மையத்தில் ஒப்படைக்கலாம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணி முதல் பள்ளியின் கணினி ஆய்வகத்தில், கொண்டுவரப்படும் ஒவ்வொரு மடிக்கணினிக்கும் பேட்டரி அறிக்கை எடுத்துத் தரப்படும். பேட்டரி புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவும் இன்று எஞ்சியுள்ள கொள்ளளவும் அதில் இருக்கும். எஞ்சியது பாதிக்கும் குறைவாக இருந்தால் மாற்றுவது பற்றி ஆசிரியர்கள் தங்களுடன் பேசுவார்கள். பாதிக்கு மேல் இருந்தால் இப்போதைக்குச் செலவு எதுவும் தேவைப்படாது. கணினியுடன் சார்ஜரையும் மறவாமல் கொடுத்தனுப்புங்கள். உப்பிய பேட்டரி உள்ள கணினியைப் பிள்ளைகள் கையில் பேருந்தில் கொடுத்தனுப்பாமல், முன்னதாக வகுப்பாசிரியருக்குத் தொலைபேசியில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்