வாயில்லாப் பூச்சியா சிறுநீரகம்?

அன்புள்ள தோழிக்கு,

சிறுநீரகத்தில் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி முடிந்து நீ வீடு திரும்பிவிட்டாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் உன் கடைசி வரி என்னை விடவில்லை. “என் உடம்பே என் சிறுநீரகத்தை அடிக்கிறதாம். அது வாயில்லாப் பூச்சியாக வாங்கிக்கொண்டு கிடக்கிறதா?” என்று கேட்டிருந்தாய்.

இத்தனை வருடங்களாகச் சிறுநீரகச் செல்களை வளர்த்துப் பார்ப்பதே என் வேலை. அவை வாயில்லாப் பூச்சிகள் அல்ல.

உனக்கு வந்திருக்கும் லூபஸ், உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். அதில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்பொருள்கள் என்ற புரதங்கள் கொத்துக் கொத்தாகச் சிறுநீரக வடிகட்டிகளில் படிகின்றன. பயாப்ஸித் துணுக்குக்கு ஒளிரும் சாயமிட்டு இருட்டறையில் பார்த்தால், கறுப்பின்மேல் பச்சைப் பொடியைத் தூவியதுபோல் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கும். அந்தக் கொத்துகளில் இறந்த செல்களின் டிஎன்ஏ, ஆர்என்ஏ துண்டுகளும் ஒட்டியிருக்கும். வைரஸ் நுழைந்தால் மோப்பம் பிடிப்பதற்கென்றே நம் செல்களுக்குள் உணர்விகள் உண்டு. அவை இந்தத் துண்டுகளை வைரஸ் என்று எண்ணி ஏமாந்துபோகின்றன. உடனே வைரஸ் வந்துவிட்டது என்று எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் சுரக்கிறது. எம்சிபி-1 என்ற புரதம் வெளியேறி, இரத்தத்தில் போகும் வெள்ளணுக்களைச் சிறுநீரகத்துக்குள் இழுக்கிறது. வந்தவை அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைச் சுரக்க, சிறுநீரகச் செல்கள் இன்னும் பலமாகக் கூப்பிடுகின்றன.

இதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். சிறுநீரக நுண்குழலின் செல்கள் மட்டும் வளரும் தட்டில் துளி டிஎன்எஃப் விட்டு, மறுநாள் அந்தத் திரவத்தை அளந்தால் எம்சிபி-1 ஏறியிருக்கும். தட்டில் ஒரு வெள்ளணுகூடக் கிடையாது. கூப்பிட்டது சிறுநீரகச் செல்லேதான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் தெரியுமா? இரத்தப் பரிசோதனை நன்றாக வந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். தயவுசெய்து வேண்டாம். இரத்தத்திலும் சிறுநீரிலும் எல்லாம் அடங்கிவிட்டதுபோல் தெரியும்போதும் சிறுநீரகத்துக்குள் அழற்சி கனன்றுகொண்டிருப்பதை மறு பயாப்ஸிகள் காட்டியிருக்கின்றன. நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகளைக் குறைந்தது 3 வருடங்களாவது தொடரச் சொல்வது அதனால்தான். நீ சாப்பிடும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் நான் சொன்ன அந்த உணர்விகளைத்தான் மட்டுப்படுத்துகிறது. 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வொக்லோஸ்போரின் என்ற மருந்து, டி செல்கள் என்ற வகை வெள்ளணுக்களை அடக்குவதோடு போடோசைட்டுகளையும் தாங்கிப் பிடிக்கிறது. போடோசைட் என்பது வடிகட்டியைக் கால்விரல்களால் பின்னிப் பிடித்திருக்கும் செல். அது ஏறக்குறைய பிரிந்து பெருகுவதே இல்லை, போனால் போனதுதான். சிறுநீரில் நுரை கண்டு நீ பயந்தாயே, அந்தப் பிடி தளர்ந்து புரதம் கசிந்ததன் அடையாளம் அது.

அடுத்த பரிசோதனையில் சிறுநீரில் புரதமும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று மட்டும் எனக்கு உடனே எழுது. பயாப்ஸி அறிக்கையில் உன் சிறுநீரகப் பாதிப்பு எத்தனையாவது வகை என்று போட்டிருக்கிறார்கள்? அதையும் சேர்த்து எழுது.

என்றும் அன்புடன்,
உன் தோழி