படத்தில் இல்லாத தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று எடுத்த குடும்பப் படத்தில் நீ இல்லை. "ஃபோனை சார்ஜ் போட்டுட்டு வர்றேன்" என்று போனவன் திரும்பவே இல்லை. அதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் மாமா எல்லோர் முன்னாலும், "என்னடா, முகத்தைக் கழுவவே மாட்டியா? இவ்வளவு பரு!" என்று கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். பக்கத்தில் இருந்த நான், பெரியவராயிற்றே என்று பேசாமல் இருந்துவிட்டேன். அது தப்பு. என்னை மன்னித்துவிடு.

அவர் சொன்னதும் தப்பு. முகம் கழுவாததால் வருவதல்ல பரு. வளரும் வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடும்போது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. அந்த எண்ணெயும் உதிர்ந்த தோல் செல்களும் சேர்ந்து மயிர்க்கால்களை அடைத்துக்கொள்கின்றன. அவ்வளவுதான். கோபத்தில் சோப்புப் போட்டு அழுத்தித் தேய்க்காதே, புண்ணாகும். கிள்ளவும் வேண்டாம், தழும்பு விழும். தோல் மருத்துவரைப் பார்க்கலாம். பென்சாயில் பெராக்சைடு, அடாப்பலீன் என்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் பலன் தெரியவே 6 முதல் 8 வாரமாவது ஆகும். ஒரே வாரத்தில் வெறுத்துப்போய் நிறுத்திவிடக் கூடாது.

சரி, இது தோலின் கதை. பேச்சு பட்ட இடத்துக்குக் களிம்பு கிடையாது. அதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைத்தேன்.

பள்ளியில் எனக்குப் 'பல்லழகி' என்று பெயர். முன்பல் தூக்கியிருந்ததால் வந்த கிண்டல். கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிக்கப் பழகினேன். அடுத்தவர்கள் ஆரம்பிக்கும் முன் நானே என் பல்லைக் கிண்டல் செய்துகொள்ளவும் பழகினேன். அதில்தான் பெரிய தவறு செய்தேன். இவளே சொல்கிறாளே, நாமும் சொன்னால் என்ன என்று எல்லோருக்கும் துணிச்சல் வந்துவிட்டது. அப்புறம் வேலைக்குப் போய் கம்பி போட்டுப் பல்லைச் சரிசெய்துகொண்டேன். பல் நேராகிப் பல வருடம் ஆகிறது. இன்றைக்கும் சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகிறது, பார்த்திருப்பாய்.

அதனால்தான் சொல்கிறேன், பரு போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்காதே. பருவையும் பேச்சால் பட்ட காயத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் தாமஸ் கிலோவிச் குழுவினர் செய்து 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. கூச்சப்பட வைக்கும் படம் போட்ட டிஷர்ட்டோடு ஒரு மாணவரை மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று அவர் நினைத்தார். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். மாமா கவனித்தாரே என்பாய். ஆமாம், கவனித்தார், சொல்லவும் செய்தார். அந்த வலியை இந்த ஆய்வு ஆற்றாது. ஆனால் படத்துக்கு நின்றிருந்த மற்ற பேர் எல்லாம் உன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவரவர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

மறுபடி யாராவது கேட்டால் காரணம் சொல்லத் தொடங்காதே. என்ன மருந்து, என்ன சாப்பாடு, எத்தனை நாளாக என்று விசாரணை நீண்டுகொண்டே போகும். "அதைப் பத்திப் பேச வேண்டாம், மாமா" என்று குரலை உயர்த்தாமல் சொல். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. தனியாக இருக்கும்போது நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள். அப்போதுதான் நேரத்துக்கு வரும். அப்புறமும் விடவில்லையென்றால் எழுந்து போய்விடு.

இன்னொன்று. நாளில் மணிக்கணக்காகக் கண்ணாடி முன்னால் நிற்கிறாய், வகுப்புக்குப் போகவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்திருந்தால் என்னிடம் மறைக்காதே. தோற்றத்தைப் பற்றிய ஓயாத கவலைக்கு மனநல மருத்துவத்தில் நல்ல சிகிச்சை இருக்கிறது. உன்னோடு நானும் வருகிறேன்.

மாமாவிடம் இன்று மாலை நானே பேசப்போகிறேன். உன் பெயரை இழுக்காமல் பேசட்டுமா, இல்லை நீயும் கூட இருக்கிறாயா? எது உனக்குச் சரியோ, ஒரு வரி எழுதிப் போடு.

அன்புடன்,
அக்கா