யார் வயல் மண்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உப்பைத் தாங்கும் நெல் ரகங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே உருவான திருச்சி 1, திருச்சி 3 ரகங்கள், சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கென்று வந்தவை. வாய்க்கால் பாசனம் கடைசியாக எட்டும் கடலோரக் கடைமடையில் எங்களைப் படுத்துவது உவர், அதாவது கரையும் உப்பு மிகுந்த நிலம். கட்டுரையோ இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது.

களரில் சோடியம் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8.5-ஐத் தாண்டும், தேங்கிய தண்ணீர் கலங்கியே நிற்கும். ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி வடித்தால்தான் சோடியம் விலகும். உவரில் பங்குனி, சித்திரையில் வரப்போரம் வெள்ளையாகப் பூக்கும். நல்ல தண்ணீரை நிறுத்தி வடித்தாலே உப்பு இறங்கிவிடும். 2004 சுனாமியில் கடல் ஏறிய நாகை வயல்களை மீட்டதில் மழைக்கும் வடிகாலுக்கும் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. வெறும் உவருக்கு ஜிப்சம் வாங்கிக் கொட்டினால் காசுதான் கரையும்.

எந்த வயலுக்கு எந்த ரகம் என்று, மண்ணைச் சோதித்து அரசு தரும் மண்வள அட்டைதான் சொல்ல வேண்டும். 2015-இல் திட்டம் தொடங்கியபோது பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி என்று வைத்தார்கள். எங்கள் நில அளவுக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு வேலி, அதாவது ஆறரை ஏக்கர் சொச்சம். இங்கே ஒரு வேலிக்குள் ஏழெட்டுப் பேர் பாடுபடுகிறோம். மேட்டு வயல் ஒரு விதம். கோடையில் வாய்க்கால் வழியே கடல் தண்ணீர் எதிர்த்து ஏறும் பள்ள வயல் வேறு விதம். என் அட்டையில் இருப்பது யார் வயல் மண் என்று எனக்கு இன்றுவரை தெரியாது!

2019-20-இல் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு கிராமம் என்று எடுத்து, ஒவ்வொருவர் நிலத்திலும் தனித்தனியாக மண் எடுத்தார்கள். செய்ய முடிகிற காரியம்தானே? கடலோர ஒன்றியங்கள் முழுவதற்கும் அதைச் செய்யட்டும். ஆள் பற்றாக்குறை என்றால் மண்ணை நாங்களே எடுத்துத் தருகிறோம். வரப்போரமும் எருக்குழி ஓரமும் விட்டு, 'வி' வடிவில் அரையடி வெட்டி, குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழாகச் சுரண்ட ஒரு மண்வெட்டி போதும். நிழலில் உலர்த்தவும் தெரியும்.

இன்னொன்று. மண் எடுத்த மாதத்தையும் அட்டையில் தவறாமல் குறியுங்கள். மழை கழுவிவிட்ட பிறகு மாசியில் எடுத்த மண்ணும், உப்பு மேலேறிய வைகாசியில் எடுத்த மண்ணும் ஒரே அளவைக் காட்டாது.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்