ஞாயிறு கூடுகைக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

தத்துப் பிள்ளைகளுக்காகச் சென்னையில் மாதம் ஒரு ஞாயிறு நடக்கும் கூடுகை இன்னொரு கல்வியாண்டைத் தாண்டிவிட்டது. 10 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் ஒரு பக்கம், தத்து வந்து வளர்ந்து இன்று வேலைக்குப் போகிறவர்கள் மறுபக்கம். நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர்.

முதலில் அந்த வளர்ந்தவர்கள், எங்கள் அண்ணன்களும் அக்காக்களும். ஓராண்டு விடாமல் வருவேன் என்று ஒப்புக்கொண்டால்தான் சேர்க்கிறோம், கறாராகத்தான் தோன்றும். ஆசையாக மூன்று மாதம் வந்துவிட்டுச் சொல்லாமல் நின்றுவிட்டால், "நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்" என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். விலக வேண்டியிருந்தால் ஒரு கூடுகைக்கு முன்பே நேரில் சொல்லி, அடுத்து வருபவரை அறிமுகப்படுத்திவிட்டுப் போக வேண்டும். பெங்களூருக்கு மாற்றலாகிப் போன அக்கா இதற்காகவே ரயிலேறி வந்தார். டிக்கெட் பணத்தை வாங்க மறுத்தது மட்டும் சரியில்லை அக்கா, ரசீதை அனுப்பிவிடுங்கள்.

போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் கேட்டபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. கதவைத் திறந்தே வைப்பது, எப்போதும் பெரியவர் இருவர் இருப்பது, பிள்ளைகளுக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பாமலிருப்பது எல்லாவற்றையும் சொல்லாமலே கடைப்பிடித்தீர்கள். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் என்ற கணக்கும் நின்றது. ஒரே பிள்ளை என்றால் அதற்கு மூச்சுமுட்டுகிறது; மூன்றானால் வாய் பேசாத பிள்ளை ஓரமாகிவிடுகிறது.

முதல் நாளே வட்டமாக உட்காரவைத்து "தத்து பற்றிப் பேசலாமா?" என்றால் ஒரு வாயும் திறக்காது. அதனால் முதல் ஒரு மணி நேரம் கேரம்தான். ஸ்ட்ரைக்கரைக் குறிபார்த்துக்கொண்டே, தலை நிமிராமல், "உன்கிட்டயும் 'நிஜ அம்மா யாரு'ன்னு கேட்டாங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்கும். பக்கத்துப் பிள்ளை காயை அடித்துவிட்டு, "ம், ஆறாவதுல" என்னும். அந்த நேரத்தில் குறுக்கே புகுந்து ஆறுதல் சொல்லாமல் ஆட்டத்தைத் தொடர்ந்த பெரியவர்களுக்குத் தனி நன்றி.

வராந்தாவிலேயே காத்திருந்த பெற்றோருக்கும் நன்றி. தத்து வந்த விஷயம் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. "நீங்களே பக்குவமா சொல்லிடுங்களேன்" என்று கேட்டவர்கள் உண்டு. அது வீட்டில்தான் நடக்க வேண்டும். தள்ளிப்போட்டால் உயிரியல் பாடம் முந்திக்கொள்ளும்: ஏபி ரத்த வகைப் பெற்றோருக்கு ஓ வகைக் குழந்தை பிறக்காது என்று படித்துவிட்டுப் பிள்ளை வீட்டுக்கு வரும். மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொல்லிவிட்டு, பிறகு பிள்ளையோடு வந்தவர்களை நினைத்துப் பெருமைப்படுகிறோம்.

குடும்ப மரம் வரையச் சொல்லும் பாடத்தை "உன்னை வளர்க்கும் ஆட்கள்" என்று எல்லாப் பிள்ளைகளுக்குமே மாற்றிய ஆசிரியைக்கு வணக்கம். தத்துப் பிள்ளைக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தால் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்திருக்கும்.

மருத்துவமனைப் படிவத்தில் "பெற்றோருக்குச் சர்க்கரை, இதய நோய் உண்டா?" என்ற இடத்தில் "இல்லை" என்று போடாதீர்கள், "தத்து, தெரியாது" என்று எழுதுங்கள் எனச் சொல்லித்தந்த டாக்டருக்கும் நன்றி. "இல்லை" என்பது அடுத்து வரும் மருத்துவரைத் தவறான வழியில் கொண்டுபோகும்.

பெற்றவர்களைத் தேடும் ஆசையில் இருந்தவர்களுக்கு வழக்கறிஞர் செய்த உதவி பெரிது. 18 நிரம்பியவர் தாமே விண்ணப்பிக்கலாம், அதற்குக் குறைந்தவர் தத்தெடுத்த பெற்றோருடன் சேர்ந்துதான். அவர்களுக்காக மூன்றாம் ஆள் ஒருவர் தேடுவதை மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் விதிகள் அனுமதிப்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு தேடித் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில், பெயர் சொல்லாமல் விடப்பட்ட குழந்தையின் கோப்பில் தாயைப் பற்றி ஒன்றும் இல்லாமல் போகலாம். அதை விண்ணப்பிக்கும் முன்பே சொல்லி, கூட உட்கார்ந்திருந்ததற்கு நன்றி.

வாடகை வாங்காமல் கூடம் தந்த பள்ளிக்கும், எலுமிச்சை சாதம் அனுப்பிய மெஸ்காரருக்கும் நன்றி. அண்ணே, உங்கள் இரண்டு தூக்குவாளியும் எங்களிடம்தான் இருக்கின்றன. கழுவி வைத்திருக்கிறோம், அடுத்த ஞாயிறு ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கூடுகை ஒருங்கிணைப்பாளர்கள்