கால் காயம் ஆறிவிட்டது, சரி, அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் திருத்திப் போடுங்கள்.

என் அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுவேன், செம்பனைத் தோட்டத்தில் 25 வருசம் குலை வெட்டியவர். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு, மாத்திரை ஞாபகம் வந்தால் போடுவார். போன வருசம் அவர் பூட்ஸுக்குள் செம்பனை முள் ஏறி, அதோடு இரண்டு நாள் வேலை பார்த்திருக்கிறார், வலிக்கவே இல்லையாம். அக்கா காலுறையை ஊறப்போட்டபோது தண்ணீர் சிவந்ததைப் பார்த்துத்தான் விசயமே தெரிந்தது. இனிப்பு நீர் முற்றினால் பாதத்து நரம்பு மரத்துப்போகும், ரத்த ஓட்டமும் குறைந்து புண் ஆறாது என்பதெல்லாம் எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். ஈப்போ அரசாங்க ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

உயிரைக் காப்பாற்றினார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க அங்கே 5 ரிங்கிட்தான், ஆனால் தோட்டத்திலிருந்து ஈப்போ போய்வர கார்க்காரருக்கு 80 ரிங்கிட். ஒவ்வொரு தடவையும் புண்ணைப் பார்ப்பார்கள், ரத்தத்தைப் பார்ப்பார்கள், "இனிப்பு நல்லா இறங்கியிருக்கு" என்று பாராட்டி அனுப்புவார்கள். அது எப்படி இறங்கியது என்று யாரும் கேட்கவில்லை. மாமா ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார், தண்ணீரையும் குறைத்துவிட்டார். லயத்து வீட்டில் கக்கூஸ் பின்பக்கம், இரண்டு படி இறங்கணும், அதுவும் குந்தி உட்காருவது. ஒற்றைக் காலோடு ஒரு மனிதர் அங்கே என்ன செய்வார்? அக்காவைத் தூக்கச் சொல்ல வெட்கப்பட்டுப் பட்டினி கிடந்திருக்கிறார்.

அது தெரிந்த அன்றைக்கே பழைய பைப்பில் கைப்பிடி அடித்து மாட்டினேன், பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்துக் கொடுத்தேன். அரை நாள் வேலை. அடுத்த மாதம் இனிப்பு ஏறிவிட்டது, கிளினிக்கில் திட்டு வாங்கினார், மருந்து அளவை மாற்றிக் கொடுத்தார்கள். அக்காவுக்கோ சந்தோசம், மனுசன் சோறு சாப்பிடுகிறாரே என்று.

இன்னொன்று. இல்லாத கட்டை விரல் ராத்திரியில் அரிக்கிறது என்பார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அக்கா கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். கால் எடுத்தவர்கள் பலருக்கும் இப்படி இருக்கும், அதற்கு வைத்தியமும் உண்டு என்று தாதியர் படிப்பு படிக்கும் என் மகள்தான் சொன்னாள். நடக்க முடிகிறதா, குளித்து உடுத்த முடிகிறதா, வழக்கமான வேலைகளைப் பார்க்க முடிகிறதா, வலி இருக்கிறதா, மனக்கவலை இருக்கிறதா என்று ஐந்தே கேள்வியில் நோயாளியின் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று அளக்க 'இக்யூ-5டி' என்று ஒரு பாரம் பல நாடுகளில் இருக்கிறதாம். மாமாவிடம் ஒருவர் அந்த இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் போதும்.

காசு விசயத்துக்கு வருகிறேன். சொக்சோ என்பது சம்பளத்தில் சந்தா பிடித்து நடத்தும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி. "இது நோய், விபத்து இல்லை, சொக்சோ கிடைக்காது" என்று தோட்ட ஆபீசில் ஒருவர் சொன்னதை நம்பி எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டோம். அது தப்பு. 1969 சொக்சோ சட்டத்தில் வேலை விபத்துக்கு ஒன்று, நோயால் உழைக்க முடியாமல் போனவர்களுக்கு ஒன்று என்று தனித்தனித் திட்டம் இருக்கிறது. வழக்கமான சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை என்று மருத்துவக் குழு சொன்னால், சந்தாக் கணக்கும் சரியாக இருந்தால், மாதாமாதம் பென்சன் உண்டு. 60 வயதுக்குள் மனு போட வேண்டும், அது முக்கியம், மாமாவுக்கு 58. செயற்கைக் காலுக்கும் சொக்சோவிலேயே கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூகநல இலாகா கொடுக்கும் ஓகேயூ அட்டை தனி, அதையும் எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் அன்றைக்கே, தமிழ் தெரிந்த ஒருவர் பத்து நிமிசம் உட்கார்ந்து அக்காவிடம் சொல்லியிருக்கலாம். முடிந்தால் ஒரே ஒரு தடவை வீட்டையும் வந்து பார்க்கட்டும், கக்கூஸிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கம் ஒதுக்கி, சொக்சோ பாரத்தை எப்படி நிரப்புவது, என்னென்ன தாள் வேண்டும் என்று தமிழில் போடுங்கள். வெட்டி எடுத்து எங்கள் தோட்டத்துக் கடையில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறைக்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்