தீயாவின் கணக்கில் விழுந்த பூஜ்யங்கள்: பே ஏரியாத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டு வேலைக்கும் பிள்ளை பார்க்கவும் ஆள் வைத்திருக்கும் என் ஊர்க்காரர்களுக்கு,

வணக்கம். 2025 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்து ஒரு தாளை விரித்தார். அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியில் உள்ள கணக்கிலிருந்து அவருடைய அண்ணன் மகன் அச்செடுத்துக் கொடுத்தது. ஒரு பக்கம் வருடம், எதிரே அந்த வருடம் அவர் சம்பாதித்ததாகப் பதிவான தொகை. விரலை மேலிருந்து இறக்கிக்கொண்டே வந்தவர் 2018இல் நிறுத்தினார். 2018, 2019, 2020, 2021. நான்கிலும் பூஜ்யம். "இந்த நாலு வருஷமும் நான் உங்கள் வீட்டில்தானே இருந்தேன்?" என்றார். குரலில் கோபமே இல்லை. அச்சில் ஏதோ பிழை என்றுதான் நினைத்திருந்தார்.

பிழை என்னுடையது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் சம்பளத்தை ஓர் உறையில் போட்டு ரொக்கமாகக் கொடுத்தவள் நான். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கொடுத்தார்கள். நானும் கேள்வி கேட்கவில்லை.

மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்தவர் அவர். கிரீன் கார்டு உண்டு. ஹோட்டல் சலவை, பழம் டப்பாவில் அடைக்கும் ஆலை என்று தொடங்கி, அப்புறம் வீட்டு வேலைக்கு வந்தவர். என் மகள் பேசக் கற்றபோது அவரை 'தீயா' என்று கூப்பிட்டாள். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் ஸ்பானிஷில் அந்த ஒரே சொல்தான். 2020இல் ஊரடங்கு வந்தபோது மூன்று மாதம் வரவேண்டாம் என்றோம். வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு அவரால் விண்ணப்பிக்க முடியவில்லை. காகிதத்தில் அவருக்கு முதலாளி என்று யாருமே இல்லையே. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

கணக்கு இதுதான். சொந்தக் கணக்கில் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் பெற 40 கிரெடிட், அதாவது பதிவான சம்பாத்தியத்துக்குக் கிடைக்கும் புள்ளிகள், வேண்டும். வருடத்துக்கு அதிகபட்சம் நான்கு. 2025இல் 1,810 டாலர் சம்பாதித்தால் ஒரு கிரெடிட், 7,240 டாலருக்கு நான்கும் வந்துவிடும். எங்கள் வீட்டில் அவர் சில மாதங்களில் வாங்கிய சம்பளம் அது. அவர் கையில் இருந்தது 31. எங்கள் நான்கு வருடம் பதிவாகியிருந்தால் 47.

சரி, கட்டாமல் விட்ட வரியை இப்போது கட்டிவிடலாமே என்று ஓடினேன். சம்பளப் பதிவைத் திருத்த, அந்த வருடம் முடிந்து 3 வருடம், 3 மாதம், 15 நாள் வரைதான் அவகாசம். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு விதிவிலக்குகள் மட்டுமே. 2021க்கான கெடு 2025 ஏப்ரல் 15. அதை மட்டும் பிடித்தோம். வீட்டு வேலையாளுக்கான வரியைக் காட்டும் ஷெட்யூல் எச் படிவத்தைத் தாமதமாகத் தாக்கல் செய்து, அவர் பங்கு, என் பங்கு, அபராதம் எல்லாவற்றையும் கட்டினேன். வருடச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போனார். 31, 35 ஆனது. மற்ற மூன்று வருடம் போனது போனதுதான்.

அவருக்கு வயது 63. இன்னும் ஐந்து கிரெடிட்டுக்காக, தேய்ந்த முழங்காலோடு, முறையாகச் சம்பளக் கணக்கு வைக்கும் ஒரு வீட்டில் முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறார். 65 வயதில் 40 சேராவிட்டால், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் மருத்துவமனைக் காப்பீட்டுக்கும் மாதாமாதம் பணம் கட்டவேண்டும். 30 முதல் 39 கிரெடிட் உள்ளவர்களுக்கு 2025இல் அது 285 டாலர். நாற்பதைத் தொட்டாலும் தொகை சிறியதாகத்தான் இருக்கும். ஓய்வூதியத்தை 35 வருடச் சம்பளத்தின் சராசரியில் கணக்கிடுகிறார்கள். இல்லாத வருடங்களெல்லாம் பூஜ்யமாகவே உள்ளே நுழையும். நான் போட்ட மூன்று பூஜ்யங்கள் அவருடைய கடைசி மாதக் காசோலை வரைக்கும் கூடவே வரும்.

ஹிஸ்பானிக் பெண்களுக்கு, அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்த பெண்களுக்கு, நிதிக் கல்வி போதவில்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தீயாவிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருக்கிறது. அதில் பன்னிரண்டு பெண்களின் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தேதி, டிக். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆளுக்கு 200 டாலர். முறை வந்தவருக்கு மொத்தமும் போகும். 'தாந்தா' என்கிறார்கள். அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்குக் கும்பகோணத்தில் அம்மா நடத்திய குலுக்கல் சீட்டு நோட்டுதான் நினைவுக்கு வந்தது. ஏலமும் தள்ளுபடியும் இல்லாத, நம்பிக்கையில் மட்டும் ஓடும் சீட்டு. தீயாவின் தாந்தாவிலும் ஒருவரும் பணம் தராமல் ஓடியதில்லையாம். இந்த அம்மாவுக்குச் சேமிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சான் பிரான்சிஸ்கோவில் ஹோசே கினோனெஸ் தொடங்கிய மிஷன் அசெட் ஃபண்ட் இதே தாந்தா முறையை முறையான கடனாகப் பதிந்து, அந்தப் பெண்களுக்குக் கடன் மதிப்பெண் உண்டாக்கிக் கொடுத்தது. ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததற்கு ஒரு பதிவு கிடைத்ததும் வங்கிக் கதவு திறந்தது.

ஆனால் தாந்தா ஆறு மாதத்துக்குள் முடிந்துவிடும். வட்டி கிடையாது. கார் வாங்கலாம், ஊரில் அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பலாம். இருபது வருட முதுமைக்கு அது போதாது. இருபது வருடம் என்பது மிகையில்லை. 2019 கணக்குப்படி அமெரிக்காவில் ஹிஸ்பானிக் பெண்களின் சராசரி ஆயுள் 84க்கு மேல், வெள்ளைக்காரப் பெண்களைவிட அதிகம். நீண்ட ஆயுள், குறைந்த சம்பளம், பதிவில்லாத வேலை மூன்றும் ஒருவர் தலையிலேயே விழுகின்றன.

1935இல் சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வந்தபோது வீட்டு வேலையாட்களையும் பண்ணைத் தொழிலாளர்களையும் வெளியே நிறுத்தினார்கள். 1950, 1954 திருத்தங்கள்தான் அவர்களை உள்ளே கொண்டுவந்தன. ரொக்க உறையை நீட்டும்போது அந்தக் கதவை மறுபடி நாமே சாத்துகிறோம்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஒருவருக்கு 2025இல் 2,800 டாலரோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால் நீங்கள் சட்டப்படி முதலாளி. மாதம் 2,500 டாலர் சம்பளத்தில், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகளில் உங்கள் பங்கு 7.65 சதவீதம், அதாவது ஏறக்குறைய 191 டாலர். அவர் பங்கும் அதே அளவு. கையில் வருவது குறையுமே என்று அவர் தயங்குவார், தீயாவும் தயங்கியிருப்பார். முடிந்தால் அவர் பங்கையும் நீங்களே கட்டுங்கள், சட்டம் அனுமதிக்கிறது. முடியாவிட்டால் உட்கார்ந்து அந்த 40ஐ விளக்குங்கள். பத்து நிமிட வேலை. மாநில வேலைவாய்ப்புத் துறையான ஈ.டி.டி. அலுவலகத்திலும் பதிவு வேண்டும். காலாண்டுக்கு 750 டாலரைத் தொட்டாலே அது தொடங்கிவிடும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து பல வீடுகளைச் சுத்தம் செய்பவர் பெரும்பாலும் சுயதொழில் கணக்கில் வருவார். அவரே வரி தாக்கல் செய்தால்தான் கிரெடிட் சேரும். நம்மில் எத்தனை பேர் வரிக் காலத்தில், வரி தாக்கல் செய்ய உதவும் வைட்டா இலவச முகாம்களில் தன்னார்வலராக உட்காரக்கூடியவர்கள்! தமிழ்ப் பள்ளி நடக்கும் வளாகத்தில் ஒரு சனிக்கிழமை, ஸ்பானிஷ் தெரிந்த நம் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யலாம்.

குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களும் நம் வீடுகளில் வேலை செய்கிறார்கள். அவர்களை மிரட்டும்படி எதையும் கேட்காதீர்கள். கலிஃபோர்னியாவின் கால்சேவர்ஸ் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கை ஐ.டி.ஐ.என். என்ற, சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களுக்கான வரி எண்ணை வைத்தும் திறக்கலாம், சுயதொழில் செய்பவரும் சேரலாம் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அவர்கள் காதில் போட்டுவையுங்கள். திருமணம் 10 வருடம் நீடித்திருந்தால், விவாகரத்துக்குப் பிறகும் முன்னாள் கணவரின் பதிவின்மேல் பாதி வரை கோர வழியுண்டு. தீயாவின் திருமணம் எட்டாவது வருடத்தில் முறிந்தது, அவருக்கு இது உதவவில்லை. அவர் சீட்டில் இருக்கும் பன்னிரண்டு பேரில் இரண்டு பேருக்கு உதவும். அன்று மாலையே இருவருக்கும் ஃபோன் போட்டுச் சொன்னார்.

401(கே), ராத் என்று ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகளைப் பற்றி வாட்ஸாப்பில் நாம் ஒருவருக்கொருவர் எவ்வளவு சொல்லிக்கொள்கிறோம். நம் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு அதே அறையில் நின்றவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீங்களும் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். 2023இல் கொடுத்த சம்பளத்தைப் பதிவில் ஏற்ற 2027 ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது.

அன்புடன்,
ஃப்ரீமான்ட்டிலிருந்து உங்களில் ஒருத்தி