ரிம் கழுவும் திரவத்தின் புட்டியில் அச்சிட்டிருப்பது உண்மையல்ல: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

பொருள்: சக்கரப் பராமரிப்புப் பெட்டியால் ஏற்பட்ட சேதமும், புட்டியில் உள்ள தவறான விவரமும்

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் சக்கரப் பராமரிப்புப் பெட்டியிலுள்ள திரவத்தால் என் காரின் ரிம்களில் வெள்ளைக் கறை படிந்ததைப் பற்றி நான் முன்பு அனுப்பிய புகாருக்கு உங்கள் பதில் கிடைத்தது. சக்கரம் சூடாக இருந்தபோது திரவத்தைத் தெளித்திருப்பேன், அல்லது வெயிலில் காயவிட்டிருப்பேன், ஆகவே இது பயன்படுத்தியவரின் கவனக்குறைவு என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். காரைப் பார்க்காமல், என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் எடுத்த இந்த முடிவை நான் ஏற்கவில்லை. நடந்ததை இந்த முறை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

பெட்டியை எங்கள் ஊர் இரவுச் சந்தையில் உங்கள் விற்பனையாளரிடம் 89 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். ரசீது இருக்கிறது. ரிம் கழுவும் திரவம், டயர் மெருகுத் திரவம், ஒரு தூரிகை, ஒரு துணி ஆகியவை அதில் இருந்தன. ரிம் திரவத்தின் புட்டியில் மூன்று உறுதிமொழிகள் பெரிய எழுத்தில் அச்சாகியுள்ளன: எல்லா வகை ரிம்களுக்கும் பாதுகாப்பானது, அமிலம் இல்லாதது, நடுநிலை பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) கொண்டது. இந்த மூன்றையும் நம்பித்தான் பணம் கொடுத்தேன்.

இப்படி ஒரு திரவம் எங்கள் ஊரில் ஏன் விலைபோகிறது என்று உங்கள் விற்பனைப் பிரிவுக்கு நன்றாகத் தெரியும். சுற்றிலும் தோட்டங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் செம்மண் பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும்போது, சக்கரத்தில் அப்பிய மண்ணை வழியெங்கும் உதிர்த்துக்கொண்டே போகின்றன. மாலையில் மழை பெய்தால் அந்த மண் சேறாகி எல்லோருடைய ரிம்மிலும் ஒட்டிக்கொள்கிறது. மண்ணாவது தண்ணீருக்குப் போய்விடும். பிரேக் பிடிக்கும்போது தேய்ந்து பறக்கும் இரும்புத் துகள்கள் அப்படிப் போவதில்லை. அவை சூட்டோடு ரிம்மில் பதிந்து, ஈரம் பட்டதும் துருப்பிடித்து, ஷாம்புக்கு அசையாத பழுப்புப் புள்ளிகளாகிவிடுகின்றன. அவற்றுக்குத்தான் தனித் திரவம் தேவைப்படுகிறது.

இனி நான் கழுவிய விதம். கார் இரவு முழுவதும் வீட்டு முகப்புக் கூரையின் கீழ் நின்றிருந்தது. சூரியன் ஏறுவதற்கு முன்பே வேலையைத் தொடங்கினேன். ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. காரின் உடலைக் கழுவுவதற்கு முன் சக்கரங்களைக் கழுவிவிடுவது என் வழக்கம். இல்லையென்றால் சக்கரத்து அழுக்கு சுத்தமான கதவில் தெறிக்கும். சக்கரத்துக்கென்று தனி வாளி, தனித் தூரிகை வைத்திருக்கிறேன். அந்தத் தூரிகையில் ஒட்டியிருக்கும் இரும்புத்தூள் சாயத்தைக் கீறிவிடும் என்பதால் அதைக் கதவுப் பக்கம் கொண்டுபோவதே இல்லை. முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கினேன். பிறகு ஒவ்வொரு சக்கரமாக எடுத்துக்கொண்டு, ஒன்றை முழுதாக அலசி முடித்த பின்பே அடுத்ததற்குப் போனேன். இரண்டு நிமிடம் ஊறவிடலாம் என்று உங்கள் பயன்பாட்டுக் குறிப்புத் தாள் சொல்கிறது. அந்த நேரம் முடிவதற்குள் அலசிவிட்டேன். எந்த இடத்திலும் திரவம் காயவில்லை.

என் காரில் இருப்பவை அலுமினியக் கலவை ரிம்கள். அவற்றின் முகப்பை இயந்திரத்தில் சீவிப் பளபளப்பாக்கி, அதன்மேல் நிறமற்ற வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். தோட்டத்துச் சாலைச் சரளைக்கல் பட்டு அந்த வார்னிஷில் சிறு பொத்தல்கள் விழுவது இங்கே எல்லாக் காருக்கும் நடக்கிறது. ரிம் உலர்ந்ததும், அந்தப் பொத்தல்களைச் சுற்றிப் பால்நிறத்தில் திட்டுகள் தெரிந்தன. நட்டுத் துளைகளின் விளிம்பில் சாம்பல் வெள்ளையாகக் கறை படிந்திருந்தது. அடுத்து வந்த நாட்களில் அந்த வெள்ளை, ஓலைப்பாயில் கரையான் ஏறுவதைப் போல வார்னிஷுக்கு அடியில் பரவியது. தேய்த்துப் போக்க முடியாது, ஏனென்றால் அரிக்கப்பட்டிருப்பது உலோகமே.

நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை. உங்கள் திரவத்தைப் பி.எச். தாளில் சோதித்தேன். நடுநிலை என்றால் 7. தாளின் நிறம் வண்ண அட்டையில் 12க்கும் 13க்கும் இடையில் போய் நின்றது. அது வலுவான காரம். திறந்து வைத்த புட்டி மாறியிருக்கும் என்று நீங்கள் சொல்லக்கூடும் என்பதால், முத்திரை உடையாத புதிய புட்டி ஒன்றை வாங்கி அதையும் சோதித்தேன். அதே முடிவுதான். காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி வலுவிழக்குமே தவிர வலுக்காது.

அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. அரிப்பிலிருந்து அதைக் காப்பது அந்தப் படலமே. அது அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். படலம் கரைந்தபின் வலுவான காரம் அடியிலுள்ள உலோகத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றுகிறது. வார்னிஷ் உடையாத ரிம் தப்பிக்கலாம். கல் பட்ட ரிம்மும், பூச்சே இல்லாமல் மெருகேற்றிய ரிம்மும் தப்பிக்க வழியே இல்லை. சந்தையில் உங்கள் விற்பனையாளர் செய்து காட்டியது கறுப்புச் சாயம் பூசிய இரும்பு ரிம் ஒன்றில். அதில் கறை தெரியாததைக் கண்டு, எல்லா ரிம்முக்கும் அப்படித்தான் என்று கூட்டம் நம்பியது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தேன்.

அமிலம் இல்லாதது என்ற வாக்கியம் மட்டும் உண்மை. ஆனால் படிப்பவர் அதிலிருந்து, இது தீங்கு செய்யாதது என்றே எடுத்துக்கொள்வார். என் அம்மா பால்மரம் சீவியவர். ரப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள், உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டின் பக்கத்திலும் பிள்ளைகளை அண்டவிட மாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் அந்த எச்சரிக்கை வாய்மொழியாகக் கிடைத்தது. உங்கள் புட்டியில் எந்த மொழியிலும் அது இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அன்று கடைசி ரிம்மை என் அண்ணன் மகன் தேய்த்தான். உங்கள் தாளில் உள்ள படத்தில் ஒருவர் வெறுங்கையோடுதான் தேய்க்கிறார், அவனும் அப்படியே செய்தான். “அத்தை, விரலெல்லாம் வழுவழுவென்று இருக்கிறது, எவ்வளவு கழுவினாலும் போகவில்லை” என்றான். தோலிலுள்ள கொழுப்பைக் காரம் சோப்பாக மாற்றும்போது ஏற்படும் வழுவழுப்பு அது. மாலைக்குள் விரலிடுக்குகளில் தோல் உரிந்துவிட்டது. கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன், இப்போது ஆறிவருகிறது. ரிம்மைவிட இதுதான் எனக்குப் பெரிது. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பள்ளி விடுமுறையில் கைச்செலவுக்காகக் கார் கழுவும் பையன்கள் இருக்கிறார்கள். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் அவர்களுக்கு ஓய்வே இருக்காது. அவர்கள் கையில் உங்கள் புட்டி இருக்கிறது, கையுறை இல்லை. அந்தத் திரவம் கண்ணில் தெறித்தால் என்ன ஆகும் என்று ஒரு வேதியியலாளருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

டயர் மெருகுத் திரவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டயர் முழுவதும் தாராளமாகத் தெளிக்கவும் என்று உங்கள் தாள் சொல்கிறது. சாலையைத் தொடும் பகுதியில் சிலிக்கோன் எண்ணெய் படிந்தால் பிடிமானம் குறையும். இது தெரிந்ததால் டயரின் பக்கவாட்டில் மட்டுமே தெளித்தேன். அப்படியும் சாரல் ரிம்மின் இடைவெளி வழியாகப் பிரேக் தட்டில் படிந்திருக்கிறது. வண்டியை எடுத்ததும் முதல் பிரேக் வழக்கம்போல் பிடிக்கவில்லை. பட்டறையில் போர்மன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதைக் காட்டினார். பிரேக் பேட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. திரவத்தைப் பஞ்சில் ஊற்றி, பக்கவாட்டில் மட்டும் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க உங்களுக்கு என்ன செலவு?

இன்னொரு வரி அதைவிட அவசரமானது. எங்கள் ஊர் இளைஞர்கள் இதே திரவத்தை மோட்டார் சைக்கிள் டயரிலும் தெளிக்கிறார்கள். காரின் டயரில் பக்கவாட்டுப் பகுதி சாலையைத் தொடுவதில்லை. மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும்போது டயரின் ஓரம்தான் சாலையைப் பிடிக்கிறது. அந்த ஓரத்தில் எண்ணெய் இருந்து, சாலையில் மழைநீரும் இருந்தால், பையன் விழுவான். மோட்டார் சைக்கிள் டயரில் பயன்படுத்தக்கூடாது என்ற எச்சரிக்கை புட்டியிலும் இல்லை, தாளிலும் இல்லை.

நான் கேட்பவை இவை. நான்கு ரிம்களின் முகப்பையும் மறுபடி சீவி வார்னிஷ் பூசப் பட்டறை எழுதிக் கொடுத்த 720 வெள்ளி, பிரேக் பேட் செலவு, கிளினிக் கட்டணம், பெட்டியின் விலை ஆகியவற்றை நீங்கள் தர வேண்டும். இப்படிச் சீவும் ஒவ்வொரு முறையும் ரிம்மில் உலோகம் குறைகிறது, ஆகவே இதை நினைத்தபோதெல்லாம் செய்துகொள்ள முடியாது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். கடைகளிலும் சந்தைகளிலும் இருக்கும் புட்டிகளைத் திரும்பப் பெற்று, நடுநிலை, எல்லா ரிம்முக்கும் பாதுகாப்பானது என்ற இரண்டு வாக்கியங்களையும் நீக்குங்கள். கையுறை, கண், மோட்டார் சைக்கிள் டயர் பற்றிய எச்சரிக்கைகளை மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் அச்சிடுங்கள். பணம் தாமதமானால் பொறுத்துக்கொள்வேன், எச்சரிக்கை தாமதமாகக்கூடாது.

பொருள் அதன் விவரணையோடு ஒத்திருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு சொல்கிறது. பி.எச். 7 என்று எழுதி 12க்கு மேல் விற்பது எந்த வகையிலும் ஒத்திருப்பதாகாது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பதிவு செய்யலாம் என்பதையும் அறிந்திருக்கிறேன். 14 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் ஈப்போவுக்குச் சென்று அதைப் பதிவு செய்வேன்.

ரசீது, ரிம்களின் படங்கள், பி.எச். தாள்களின் படங்கள், பட்டறை மதிப்பீடு, கிளினிக் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். முத்திரை உடைத்துச் சோதித்த இரண்டாவது புட்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து யாரேனும் வந்தால், அவர் முன்னிலையிலேயே மறுபடி சோதித்துக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட்.